உயில் இல்லாததால் அக்கா பட்ட பாடு (அனுபவப் பகிர்வு)

அத்தான் மாரடைப்பில் போனபோது பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். வீடு அவர் பெயரில் மட்டும் இருந்தது, கடனும் பாக்கி. கணவன் சொத்து மனைவிக்குத்தானே என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அக்காவுக்கு ஆறுதல் சொன்னார்கள்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அவருடைய அம்மா எல்லோருக்கும் சம பங்கு. அக்காவுக்கு வந்தது நான்கில் ஒன்றுதான். தவணை கட்ட முடியாமல் வீட்டை விற்கப் பார்த்தாள். பிள்ளைகள் மைனர், அவர்கள் பங்கை விற்கப் பெற்ற தாய்க்கே நீதிமன்ற அனுமதி வேண்டும். மனு போட்டு, வாய்தா வாய்தாவாக அலைந்தாள்.

அவளுடைய மாமியார் தங்கமான மனுஷி. "எனக்கெதுக்குடி இந்த வீடு, எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு" என்றார். தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரம் தயாராவதற்குள் அவரும் தவறிவிட்டார். அவரும் உயில் எழுதவில்லை. அவருடைய கால் பங்கு கொழுந்தனார், நாத்தனார், அக்காவின் பிள்ளைகள் என்று மறுபடி பிரிந்தது. அக்காவுக்கு அதில் எதுவும் இல்லை. நாத்தனார் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். கொழுந்தனார் தன் பங்கைக் கேட்டார். சட்டம் கொடுத்த பங்கு, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சுவார்த்தையே இல்லை. பிள்ளைகள் சித்தப்பாவை இழந்ததுதான் பணத்தைவிட எனக்கு வலிக்கிறது.

அத்தான் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்துப் போட்டு, அவர்களும் போட்டிருந்தால் போதும். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவுகூடக் கட்டாயமில்லை, செய்துவிட்டால் நல்லது. தன் அம்மாவுக்கு என்ன சேர வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்திருப்பார்.

பதில்:
வங்கிக் கணக்கு, ஷேர் எல்லாவற்றிலும் மனைவியைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறேன். அது போதாதா?

பதிவு எழுதியவர்:
போதாதுங்க. நாமினி பணத்தை வாங்கி உரிய வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான். ஷேர் விஷயத்திலும் நாமினி உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. நாமினியும் இருக்கட்டும், உயிலும் எழுதுங்கள். இரண்டிலும் ஒரே பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்:
எங்கள் அப்பா உயில் எழுதியிருந்தார், அதுவும் அழகாக. சாட்சிகள் இருவரும் அவர் வயது நண்பர்கள். அப்பா காலமாகும்போது இருவருமே உயிரோடு இல்லை. தம்பி ஆட்சேபித்தான், வழக்கானது. சாட்சி ஒருவராவது இருந்தால் அவரைக் கூண்டில் ஏற்றித்தான் உயிலை நிரூபிக்க வேண்டும். யாருமே இல்லையென்றால் சாட்சி ஒருவரின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் காட்ட ஆள் தேட வேண்டும். ஒரு நண்பருடைய மகன் பழைய கடிதங்களோடு வந்து சாட்சி சொன்னதால் தப்பித்தோம். அந்தப் பையனுக்கு என்றும் நன்றி.

அதனால் வயதில் இளையவர்களாக, சொத்தில் எதுவும் பெறாதவர்களாகப் பார்த்துச் சாட்சி போடுங்கள். வயதான பெற்றோர் எழுதுவதானால் நல்ல நினைவோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் அதே நாளில் ஒரு சான்றும் வாங்கி வையுங்கள். தம்பியின் வக்கீல் முதலில் கிளப்பியது அதைத்தான்.

பதிவு எழுதியவர்:
சாட்சி பற்றிச் சொன்னது ரொம்ப உபயோகம். அக்கா போன மாதம் தன் உயிலை எழுதிவிட்டாள். தனக்கு ஏதாவது ஆனால் பிள்ளைகளுக்கு யார் கார்டியன் என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறாள். சாட்சிகளில் ஒருவர் அவளுடைய அலுவலகத் தோழி, இன்னொருவர் தோழியின் கணவர். இருவருமே அவளைவிட இளையவர்கள்.