ஊர் இணையத்தள மேம்படுத்தல்: நகல் தளத்தைப் பார்க்க ஆட்கள் தேவை

அன்புள்ள நம்மூர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஊர் இணையத்தளத்தை என்ன செய்யப்போகிறோம் என்று பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். தளம் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது, இணையத்தளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 4.0இல். 2014 செப்டெம்பரில் வந்த பதிப்பு அது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தருவதை வேர்ட்பிரஸ் குழு 2022 டிசெம்பரோடு நிறுத்திவிட்டது. அதற்கு அடியில் இருந்து அதை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பி 5.6இன் கதை 2018 கடைசியிலேயே முடிந்துவிட்டது. இப்போது நம் தளத்தை வைத்திருக்கும் நிறுவனம், பழைய பிஎச்பியை எடுத்துவிடப்போவதாக அறிவித்திருக்கிறது. எடுத்த அன்றே நம் தளம் வெறும் வெள்ளைப் பக்கமாகிவிடும். ஆகவே மேம்படுத்தாமல் இருக்க முடியாது.

முகநூலுக்குப் போய்விடலாம் என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணை எழுதியிருந்தார். புதுச் செய்திக்கு முகநூல் நல்லதுதான், ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் நம் தளத்தில் இருப்பது செய்தி மட்டுமல்ல. 1990 ஆனியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலிருந்து எல்லோரும் வெளிக்கிட்டபோது அல்பத்தை எடுத்து வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். இராணுவத்திடமிருந்து காணி விடுபட்டுத் திரும்பிப் போனவர்கள் பலர் வீட்டின் அத்திவாரத்தைக்கூடத் தேடித்தான் கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, வாசிகசாலைத் திறப்பு, பழைய தேர்முட்டி என்று ஆளாளுக்குப் பெட்டிகளைக் கிளறி அனுப்பிய படங்கள் நம் தளத்தில்தான் ஒன்றாக இருக்கின்றன. படத்துக்குக் கீழே, 'இரண்டாம் வரிசையில் இடப்பக்கம் நிற்பது என் பெரியப்பா' என்று யாரோ எழுதியிருப்பார்கள். 'இல்லை, அது அவருடைய தம்பி' என்று இன்னொருவர் திருத்தியிருப்பார். திருவிழா மலர்களை நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இந்தக் கருத்துகளை அப்படி எடுத்துக் கொடுக்க முடியாது. அவை அந்தப் படத்தோடு அந்தப் பக்கத்திலேயே இருந்தால்தான் பயன்.

இன்னொரு யோசனை, புதுத்தளம் ஒன்று தொடங்கிப் பழையவற்றை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுவது. இதில் உள்ள ஆபத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஒரு பதிவின் முகவரிக்கு வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் ஒதுக்குவது 200 இடம். தமிழில் ஒவ்வொரு குறியும் அதில் 9 இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புள்ளி, விசிறி, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள்தான். 'மரண அறிவித்தல் திருமதி' என்ற மூன்று சொல்லுக்கே 182 இடம் போய்விடுகிறது. மிச்சத்தில் பெயரின் முதலெழுத்து மட்டும்தான் நுழையும். ஆகவே 'ச'வில் பெயர் தொடங்கும் திருமதிமார் எல்லோருக்கும் ஒரே முகவரி, கடைசியில் 2, 3, 4 என்று வரும் எண்தான் வேறு. பதிந்த ஒழுங்கில் விழுந்த எண் அது. வேறு ஒழுங்கில் திரும்பப் பதிந்தால், தாயின் திவசத்தன்று பிள்ளைகள் வாட்சப்பில் அனுப்பும் பழைய இணைப்பு வேறொரு அம்மாவின் பக்கத்தைத் திறக்கும். இது நடக்கவே கூடாது.

ஆகவே இருக்கிற தளத்தையேதான் மேம்படுத்தப்போகிறோம். ஆனால் நேரடியாக அதில் கை வைப்பதில்லை. கோப்புகளையும் தரவுத்தளத்தையும் முழுதாகப் பிரதி எடுத்து, வேறொரு துணை முகவரியில், கடவுச்சொல் போட்டு நகல் தளம் ஒன்றை வைத்திருக்கிறோம். கூகிள் அதற்குள் நுழையாதபடி அடைத்தாகிவிட்டது. அதைவிட முக்கியம், நகலிலிருந்து ஒரு மின்னஞ்சலும் வெளியே போகாதபடி நிறுத்தியது. செய்திமடல் அனுப்பும் நீட்சி, அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துப் போட்ட சிறு மென்பொருள், நகலிலும் உயிரோடுதான் இருக்கும். எப்போதோ முடிந்த அந்தியேட்டிக் கிரியைக்கு இன்றைக்கு மறுபடி அழைப்பு வந்தால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும்? நகல் தளம் வைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். நன்கொடைப் பக்கமும் சோதனை நிலையில்தான் இருக்கிறது, அதில் போடும் காசு எங்கும் போகாது.

மேம்படுத்தலில் ஒரு சிக்கல். வேர்ட்பிரஸின் இன்றைய பதிப்பு பிஎச்பி 5.6இல் ஓடாது, நம்முடைய 4.0 பிஎச்பி 8இல் ஓடாது. இரண்டுக்கும் நடுவில் கால் வைக்க ஒரு படி இருக்கிறது: 2023இல் வந்த 6.2. பிஎச்பி 5.6ஐ ஏற்றுக்கொண்ட கடைசிப் பதிப்பு அது. முதலில் 6.2க்கு ஏறி, பிறகு பிஎச்பியை மாற்றி, அதன் பிறகு இன்றைய பதிப்புக்குப் போக வேண்டும். நகலில் இந்த ஒழுங்கில்தான் செய்தோம். தளத்தின் தோற்றத்தைத் தரும் பழைய வார்ப்புரு பிஎச்பி 8இல் உடனே விழுந்துவிட்டது, அது எதிர்பார்த்ததுதான். நிறம், தலைப்புப் படம் எல்லாம் முன்பு போலவே வைத்து எளிமையான புது வார்ப்புரு போட்டிருக்கிறோம்.

பெரிய வேலை பாமினிப் பக்கங்கள். தளத்தின் ஆரம்ப காலக் கட்டுரைகள் முழுக்கப் பாமினி எழுத்துருவில் தட்டியவை. அங்கே 'அம்மா' என்று நாம் வாசிப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, பிறகு கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கைப்பேசியில் பார்த்தால் ஒன்றும் புரியாது, தேடினாலும் அகப்படாது. இவற்றை, எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்ற ஒரு நிரல் எழுதி நகலில் ஓட்டியிருக்கிறோம். முகவரிகளைத் தொடவில்லை.

இந்த மாற்றத்தில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. பாமினியில் 'ௌ' என்பதற்குத் தனிக்குறி கிடையாது, கொம்பும் ளகரமும்தான். மாற்றும் நிரலுக்கு எது ஔகாரம், எது எகரமும் ளகரமும் என்று தெரியாது. அதனால்தான் பல தளங்களில் வெளிநாடு 'வௌிநாடு' என்றும் வெள்ளிக்கிழமை 'வௌ்ளிக்கிழமை' என்றும் கிடக்கின்றன. இவை பார்த்த உடனே தெரியும். 'கௌரி' என்பது 'கெளரி' என்று மாறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கௌரி என்று தேடும் பேத்திக்குப் பாட்டியின் பக்கம் கிடைக்காது. ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அதை ளகரமாகவே விடு என்று விதி வைத்திருக்கிறோம். அது பெரும்பாலானவற்றைப் பிடிக்கும். ஆட்பெயர்களையும் வீட்டுப்பெயர்களையும் மனிதர்தான் பார்க்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் உதவி தேவை. ஒரு விடயத்தைத் தயவுசெய்து கவனியுங்கள்: நகல் தளத்தில் பிழை கண்டால் அங்கேயே திருத்த வேண்டாம். நகலிலுள்ள தரவுத்தளம் உண்மைத் தளத்துக்குத் திரும்பப் போகாது. மாற்றும் நாளன்று உண்மைத் தளத்தின் அன்றைய தரவை எடுத்து, அதன்மேல் இதே படிகளையும் இதே நிரலையும் ஓட்டுவோம். இடையில் அங்கே ஏறிய மரண அறிவித்தல் ஒன்றுகூட விடுபடாமல் இருக்க வேறு வழி இல்லை. ஆகவே நகலில் நீங்கள் கஷ்டப்பட்டுத் திருத்தினாலும் அன்றைக்கு அது அழிந்துவிடும். பக்கத்தின் பெயரையும், பிழையான சொல்லையும், சரியான சொல்லையும் மடலில் எழுதி அனுப்புங்கள். நிரலில் சேர்த்துவிடுகிறோம்.

கோயில் பகுதியை ஊரில் இருப்பவர்கள் யாராவது பார்த்தால் நல்லது, உபயகாரர் பெயர்களும் திருவிழா ஒழுங்கும் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். பள்ளிக்கூடப் படங்களை லண்டன் பழைய மாணவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நினைவுப் பக்கங்களைப் பாரிஸ் மாமாவும் மாமியும் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் அவர்களுக்குச் சுமை குறையும். கணினி அறிவு ஒன்றும் வேண்டாம். ஊரையும் ஆட்களையும் தெரிந்தால் போதும்.

கொடியேற்றத்திலிருந்து தீர்த்தம் வரை தளத்துக்கு ஆட்கள் நிறைய வருவார்கள், அந்த நாட்களில் எதையும் தொடமாட்டோம். தீர்த்தம் முடிந்த பின் வரும் சனி இரவு, கனடா நேரப்படி மாற்றுவதாக எண்ணம். அந்தச் சில மணிநேரம் தளத்தில் புதிதாக எதுவும் ஏற்ற வேண்டாம். துக்கச் செய்தி வந்தால் இந்த மடற்குழுவிலேயே போடுங்கள், வேலை முடிந்த கையோடு முதல் வேலையாக ஏற்றிவிடுவோம். பழைய தளத்தின் முழுப் பிரதி மூன்று பேரிடம், மூன்று நாட்டில் இருக்கும். ஏதாவது பிசகினால் அன்றிரவே பழையபடி திருப்பிவிடலாம்.

பார்க்க விரும்புபவர்கள் எந்தப் பகுதி என்று சொல்லி எனக்குத் தனிமடல் போடுங்கள், நகல் தள முகவரியும் கடவுச்சொல்லும் அனுப்புகிறேன். தயவுசெய்து பொதுவில் கேட்க வேண்டாம், இந்தக் குழுவின் பழைய மடல்களை யாரும் வாசிக்கலாம்.

அன்புடன்,
இணையத்தளக் குழு சார்பில்