கரும்புக் கொல்லைப் பூனை: காட்டுப்பூனையா, கலப்பா? எச்சத்தை எடுத்துச் சோதிப்பது எப்படி?

சின்னாறு_கரை (கேள்வி)

மாரண்டஹள்ளி பக்கம் கரும்புக் கொல்லை ஓரத்தில் வைத்த தானியங்கி கேமராவில் மூன்று வகைப் பூனைகள் பதிவாகியுள்ளன. ஒன்று மணல் நிறம், நீண்ட கால், காது நுனியில் கறுப்பு மயிர்க்கற்றை, குட்டை வால். இரண்டாவது அதே உயரம்தான். ஆனால் வால் நீளம், விலாவில் கோடுகள் தெளிவு, முன்பாதங்கள் வெள்ளை. மூன்றாவது முழுக் கறுப்பு. பின்னது இரண்டும் ஊர்ப் பூனையோடு கலந்தவையா? எச்சத்தை மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடுமா? சேகரிக்கும் முறையும் சொல்லுங்கள்.

மேலகிரி

முதலாவது காட்டுப்பூனை, சந்தேகமில்லை. கறுப்பை மட்டும் வைத்துக் கலப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். காட்டுப்பூனையிலேயே கருநிறம் உண்டு, இந்தியாவில் பதிவாகியும் இருக்கிறது. வெள்ளைப் பாதம்தான் இடிக்கிறது. அது வீட்டுப்பூனையின் அடையாளம்.

மைட்டோகாண்ட்ரியா சோதனை உங்கள் கேள்விக்குப் பதில் தராது. அது செல்லில் அணுக்கருவுக்கு வெளியே இருக்கும் டி.என்.ஏ., தாய்வழியில் மட்டுமே வருவது. காட்டுப்பூனைத் தாய்க்கும் ஊர்க் கடுவனுக்கும் பிறந்த குட்டி சோதனையில் சுத்தக் காட்டுப்பூனையாகத்தான் தெரியும். தாய் ஊர்ப்பூனை என்றால் முடிவு அப்படியே தலைகீழ். சரி, தகப்பன் வழியைப் பார்க்க ஆணுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம் இருக்கிறதே என்றால், அதுவும் முதல் தலைமுறைக்குமேல் உதவாது. இரண்டு இனத்துக்கும் 38 குரோமோசோம்கள்தான். ஆனாலும் கலப்பின ஆண்கள் முதல் சில தலைமுறைக்குப் பெரும்பாலும் மலடு. கலப்பில் ஒரு பால் மலடானால் அது எக்ஸ், ஒய் என இரண்டு வகைப் பால் குரோமோசோம் கொண்ட பாலாகத்தான் இருக்கும் என்று 1922-லேயே மரபியலாளர் ஹால்டேன் சொல்லிவிட்டார் (பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி புவனேஸ்வரில் மறைந்த அதே ஹால்டேன்). ஆக, வீட்டுப்பூனை மரபணு காட்டுக்குள் நுழைவது கலப்பினப் பெண் குட்டிகள் வழியாகத்தான்.

இன்னொரு பொறியும் உண்டு. வீட்டுப்பூனையில் மைட்டோகாண்ட்ரியாவின் பாதிக்குச் சற்றுக் குறைவான துண்டு, ஏறத்தாழ 7,900 எழுத்து நீளம், என்றோ அணுக்கருவுக்குள் புகுந்து அங்கே அடுக்கடுக்காகப் பல படிகளாகக் கிடக்கிறது. 1994-ல் கண்டது. பிரைமர் (பெருக்க வேண்டிய துண்டைக் குறித்துக்கொடுக்கும் சிறு டி.என்.ஏ.) தேர்வில் கவனம் தப்பினால் பிசிஆரில் (டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் முறை) பெருகுவது அந்தப் போலிப் படியாக இருக்கும்.

எனவே மைட்டோகாண்ட்ரியா எதற்கு என்றால், எச்சம் பூனையுடையதுதானா, நரி, மரநாய், புனுகுப்பூனை எதுவும் இல்லையா என்று பார்க்க. கலப்பைக் கண்டுபிடிக்க அணுக்கரு டி.என்.ஏ.வின் மைக்ரோசாட்டிலைட் குறிகள் (சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள்) வேண்டும். வீட்டுப்பூனைக்காக உருவான எஃப்.சி.ஏ. வரிசைக் குறிகள் மற்றப் பூனை இனங்களிலும் வேலை செய்யும். 10–15 குறிகளில் முதல் தலைமுறைக் கலப்பு பிடிபடும். இரண்டு மூன்று முறை காட்டுப்பூனையோடே திரும்பக் கலந்திருந்தால் அது போதாது, நூற்றுக்கணக்கில் எஸ்.என்.பி. குறிகள் (ஓரெழுத்து மட்டும் மாறும் இடங்கள்) தேவைப்படும்.

ஸ்வாப்_குச்சி

சேகரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பாதி ஆய்வு கெடுவது அங்கேதான்.

விடியற்காலையில், வெயில் ஏறுமுன் எடுங்கள். புற ஊதாக் கதிரும் ஈரமும் டி.என்.ஏ.வை நறுக்கிவிடும், மழை பெய்த மறுநாள் எடுத்துப் பயனில்லை. பளபளப்புக் குறையாத எச்சத்தின் மேல்தோலைத் தொடுங்கள், உள்ளே குத்தாதீர்கள். பூனையின் குடற்செல் ஒட்டியிருப்பது வெளிப்பரப்பில்தான்; உள்ளே இருப்பதில் பெரும்பங்கு அது தின்ற எலியின் டி.என்.ஏ. லாங்மையர் கரைசலில் (டி.என்.ஏ.வைக் கெடாமல் காக்கும் கரைசல்) நனைத்த ஸ்வாப்பால் (பஞ்சு முனைக் குச்சி) மேற்பரப்பை உருட்டித் துடைத்து, 2 மி.லி. குழாயில் அதே கரைசலில் போடலாம். கரைசல் கிடைக்காவிட்டால் ஒரு பங்கு எச்சத்துக்கு நான்கு பங்கு எத்தனால், 95 சதவீதத்துக்குக் குறையாமல். ஒரு நாள் ஊறவைத்து, பிறகு எடுத்துச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தினால் இன்னும் நல்லது.

ஃபார்மலின் கூடவே கூடாது, டி.என்.ஏ. பின்னிக்கொண்டு பிசிஆர் ஓடாது. மெத்திலேட்டட் ஸ்பிரிட்டும் வேண்டாம். குழாயில் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். எத்தனால் கசிந்தால் பேனா மை அழிந்துபோகும், யாருடைய எச்சம் என்று தெரியாத குழாய்கள்தான் மிஞ்சும்.

பலரும் மறக்கும் ஒன்று: வீட்டில் பூனை வளர்ப்பவர் கையுறை இல்லாமல், பூனை முடி ஒட்டிய சட்டையோடு எடுத்தால், சோதனையில் 'கலப்பினம்' என்று வரும். ஒவ்வொரு எச்சத்துக்கும் புதுக் கையுறை. எச்சம் தொடாத வெற்று ஸ்வாப் ஒன்றையும் கூடவே அனுப்புங்கள், மாசு இருந்தால் அது காட்டிக்கொடுக்கும்.

ஆய்வகத்திடம் எத்தனை முறை பிசிஆர் ஓட்டுவார்கள் என்று முன்பே கேளுங்கள். எச்ச டி.என்.ஏ.வில் இரண்டு அலீல்களில் (தாயிடமும் தகப்பனிடமும் இருந்து வரும் மரபணு வடிவங்கள்) ஒன்று விட்டுப்போவது சகஜம். ஒரே முறை ஓட்டிவிட்டு நிறுத்தினால் உட்கலப்பு (நெருங்கிய உறவுக்குள் இணைவது) அதிகம் போலவும், ஒரே பூனையே இரண்டு பூனை போலவும் தோன்றும். மூன்று முறைக்குக் குறைவான முடிவை நம்ப வேண்டாம்.

சின்னாறு_கரை

நன்றி அண்ணா. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி வேண்டாமா? சாலையில் அடிபட்டுக் கிடப்பதிலிருந்து காது நுனி எடுக்கலாமா?

மேலகிரி

எடுக்காதீர்கள். செத்த காட்டுயிரின் உடலும் அரசுடைமைதான். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி, அவர்கள் முன்னிலையில்தான் திசு எடுக்க வேண்டும். எச்சம் சேகரிக்கவும் மாவட்ட வன அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். காவிரி வடக்குச் சரணாலயத்துக்குள் என்றால் முன் அனுமதி இல்லாமல் கால் வைக்கவே கூடாது. ஒப்பீட்டுக்கு ஊர்ப் பூனைகள் 15–20இன் கன்ன ஸ்வாப் போதும், உரிமையாளர் சம்மதத்தோடு. அவை இல்லாமல் எந்தப் பூனையையும் கலப்பு என்று சொல்ல முடியாது. காட்டுப்பூனை ஒப்பீட்டுக்கு ஹைதராபாத் சி.சி.எம்.பி. (செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையம்) அல்லது வண்டலூர் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனத்தை வனத்துறை வழியாக அணுகுங்கள்.

தொப்பூர்_கணவாய்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஸ்காட்லாந்துக் காட்டுப்பூனை கலப்பால் அழிவின் விளிம்புக்கு வந்தது உண்மை. 2019-ல் அங்கே இயற்கைக் கூட்டம் இனி தேறாது என்று முடிவாகி, 2023-ல் கூண்டில் வளர்த்தவற்றைக் கெய்ர்ன்கார்ம்ஸ் மலையில் விட்டார்கள். ஆனால் அதன் நெருங்கிய உறவுதான் வீட்டுப்பூனை. நம் காட்டுப்பூனை வேறு இனம், அவ்வளவு நெருக்கமில்லை, ஆண் மலடு என்ற தடுப்பும் இருக்கிறது. மரபணுவுக்கு முன்னால் நோயைப் பாருங்கள். பூனைகளைக் கழிச்சலில் கொல்லும் பான்லூக்கோபீனியா வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஊர்க்குட்டி கழிந்த வரப்பில் காட்டுக்குட்டி மோந்தால் போதும்.

கன்ன ஸ்வாப் எடுக்கும் அதே நாளில் கால்நடை மருத்துவரை வைத்துக் கருத்தடையையும் தடுப்பூசியையும் முடித்துவிடுங்கள். குட்டிக்கு எட்டு வாரத்தில் மூன்று நோய்க்கான ஊசி, 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 12 வாரத்துக்குமேல் வெறிநோய் ஊசி. தெருப்பூனைக்குக் கூண்டு வைப்பதானால் மாலையில் திறந்து, இரவு முழுக்க ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டுப்பூனை மாட்டினால் கம்பியில் பல்லை உடைத்துக்கொள்ளும். அங்கேயே, அப்போதே திறந்துவிட வேண்டும்.

கரும்பு வெட்டும்போது குட்டிகள் கிடைத்தால் பசும்பால் ஊற்றாதீர்கள், பேதியாகிச் செத்துப்போகும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, கிடைத்த இடத்திலேயே திறந்த கூடையில் வைத்து, அந்தக் கரும்பு வரிசையை மட்டும் வெட்டாமல் விடுங்கள். பெரும்பாலும் இருட்டியதும் தாய் வந்து தூக்கிப்போகும்.

சின்னாறு_கரை

கேமராவைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கட்டுவது?

ஸ்வாப்_குச்சி

25 செ.மீ. புலிக்கு வைக்கும் உயரத்தில் கட்டினால் சின்னப் பூனையின் முதுகு மட்டும் விழும், வாலும் பாதமும் தெரியாது.