புதுப்பிப்பு: தாத்தா பேசிவிட்டார்

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் தாத்தா வெடிமருந்து சப்ளை பிரிவில் இருந்தார், எப்படிக் கேட்டாலும் வாய் திறப்பதில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். நீங்கள் சொன்னபடி எதுவும் கேட்காமல், தக்கலை வீட்டுத் திண்ணையில் ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை மட்டும் விரித்து வைத்தேன்.

அப்போது அவருக்கு 20 வயது. 25 பவுண்டர் பீரங்கிக் குண்டு ஒவ்வொன்றும் 11 கிலோவுக்கு மேல். அந்தக் குண்டை உந்தித் தள்ளும் பித்தளைத் தோட்டா தனி. அதற்குள் சிவப்பு, வெள்ளை, நீல வெடிமருந்துப் பைகள். தூரத்துக்கு ஏற்பப் பைகளைக் குறைப்பார்களாம். இரவெல்லாம் விளக்கில்லாத லாரி. “நாங்க போகலேன்னா பீரங்கிக்காரன் சும்மா நிக்கணும் மக்களே” என்றார். சொல்லும்போது, பெட்டிக் கயிறு அறுத்த உள்ளங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் 16, டாக்கா சரணடைந்த செய்தி வந்தபோது லாரியில் பாதிச் சுமை இறக்காமல் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன்.