வீடு வீடாகப் போகும் விற்பனை வேலை: திங்கட்கிழமை போகவா, விட்டுவிடவா? (ஸ்கார்பரோ, கனடா)

தாமிரபரணி:
வணக்கம். மார்க்கெட்டிங் வேலை என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கதவைத் தட்டி இன்டர்நெட் இணைப்பு விற்க வேண்டும். சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும். 11 நாளில் மூன்று விற்றேன். ஒருவர் ரத்து செய்துவிட்டார். அந்தக் கமிஷனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்கள். நேற்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும், எனக்குப் பசி போதாது, அதாவது விற்கும் வெறி இல்லை, என்று ஆங்கிலத்தில் சொன்னார். மதியம் சாப்பிடாமல் இரவு பத்து மணிக்கு அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றாம் தேதி வாடகை. திங்கட்கிழமை போகவா? போனால், கதவு திறந்ததும் என்ன பேசுவது?

பழைய பனிக்காலம்:
தம்பி, 11 நாள் ஒரு கணக்கா? 2009இல் பிராம்ப்டனில் எரிவாயு ஒப்பந்தம் விற்றேன். சப்பாத்துக்குள் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு நடந்தேன். ஆறு வாரம் ஒரு கையெழுத்துக்கூட விழவில்லை. ஏழாவது வாரம் நான்கு. இப்போது வருகிற பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை.

கிங்ஸ்டன் வீதி:
உடனே விட்டுவிடுங்கள். கிடங்கு வேலைக்குப் போனால் உழைத்த மணிக்குக் காசு வரும். அண்ணர் சொல்லும் வேலை இன்று சட்டப்படியே இல்லை. மின்சாரம், எரிவாயு ஒப்பந்தங்களை வாசலில் விற்பதை ஒன்ராறியோ மாகாணம் 2017 ஜனவரியில் நிறுத்தியது. அழைக்காமல் போய் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி), ஏசி, வாட்டர் ஹீட்டர் விற்பதை 2018 மார்ச்சில் தடுத்தது. தனியாக இருந்த முதியவர்களிடம் கையெழுத்து வாங்கியவர்கள் செய்த புண்ணியம்! இப்போது கழுத்தில் அட்டை தொங்கினாலே திரைச்சீலையை மூடுகிறார்கள்.

பழைய பனிக்காலம்:
நான் யாரையும் ஏமாற்றவில்லை.

ஏழாம் நம்பர் வீடு:
பேச்சைப் பற்றியும் கேட்டிருக்கிறார், அதைச் சொல்கிறேன். மணியடித்துவிட்டு இரண்டு படி கீழே இறங்கி நில்லுங்கள். விலையைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். இப்போது மாதம் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பில்லை எடுத்து வர உள்ளே போனால் பாதி வேலை முடிந்தது. போகாவிட்டால் நன்றி சொல்லி அடுத்த வீடு. ஒன்ராறியோவில் வாசலில் போட்ட ஒப்பந்தத்தை 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். அதுவரை அந்தக் கமிஷனை உங்கள் காசு என்று நினைக்காதீர்கள்.
தமிழ் வீடுகளைத் தவிர்த்துவிடுங்கள். தேநீர் வரும், எந்த ஊர் என்பார்கள், அந்த ஊரில் அவர்கள் சித்தப்பா தபால் அலுவலகத்தில் இருந்த கதை வரும், கடைசியில் "இவர் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்". முக்கால் மணி நேரம் போய்விடும்.

பழைய பனிக்காலம்:
என் முதல் கையெழுத்தே தமிழ் வீட்டில்தான்.

ரசம்சோறு:
தமிழர்களைப் பற்றிப் பேசினால் எனக்கு மனம் ஆறாது. வந்த மாதம் கோயிலில் ஒரு அண்ணன் அத்தனை அன்பாகப் பேசினார். காபிக்கு அழைத்தார். கோப்பை பாதியாகுமுன் காப்புறுதிப் படிவம் மேசைக்கு வந்துவிட்டது. இன்னொரு பக்கம், எங்கே போனாலும் "கனடிய அனுபவம்" கேட்கிறார்கள்.

கிங்ஸ்டன் வீதி:
25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் அதை விளம்பரத்தில் கேட்கக் கூடாது என்று 2026 ஜனவரி 1 முதல் சட்டம் இருக்கிறது.

ரசம்சோறு:
விளம்பரத்தில் கேட்க மாட்டார்கள். மனத்துக்குள் கேட்டுக்கொள்வார்கள். நிலவறை வாடகையைப் பற்றி ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

கணக்குப்பிள்ளை:
ஆளுக்கொரு கதை சொல்லியாயிற்று. கேட்டவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்த அனுமதியில் இருக்கிறீர்கள்? தாளில் ஊழியர் என்று இருக்கிறதா, ஒப்பந்தக்காரர் என்றா? என்ன படித்தீர்கள்?

தாமிரபரணி:
முதலில், நான் தம்பி இல்லை, பெண். இங்கே கணக்கியல் டிப்ளமோ முடித்தேன். படிப்புக்குப் பின் தரும் வேலை அனுமதியில் இன்னும் 14 மாதம் இருக்கிறது. தாளில் ஒப்பந்தக்காரர் என்றுதான் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு வேன் ஏஜாக்ஸ் பக்கம் இறக்கிவிடும், இரவு ஒன்பதுக்கு எடுக்கும். இருட்டிய பிறகும் தெருவில் தனியாகத்தான்.

கணக்குப்பிள்ளை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா. உங்களிடம் இருப்பது 14 மாதம். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது பி.ஆர்., அதாவது இங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை, கேட்டு விண்ணப்பிக்கும் வழி. அதில் கனடிய அனுபவப் பிரிவுக்கு 12 மாத வேலை வேண்டும். அதுவும் டீயர் 0 முதல் 3 வரையான வேலை. டீயர் என்பது ஒவ்வொரு வேலைக்கும் அரசாங்கம் போடும் தரம்; எண் கூடினால் தரம் குறைவு. வாசல் விற்பனை டீயர் 5. அதோடு, ஒப்பந்தக்காரர் என்றால் சொந்தத் தொழில் என்று அர்த்தம்; சொந்தத் தொழிலாகச் செய்வது அந்தப் பிரிவில் கணக்கிலேயே வராது. இந்த வேலையில் நீங்கள் ராசாத்தியாக விற்றாலும் பி.ஆர். பக்கம் ஒரு நாள்கூட நகராது.
கடைக்குள் நின்று விற்பது டீயர் 4; அதுவும் சேராது. ஆனால் அங்கே ஊழியராக எடுத்தால், கமிஷன் குறைந்தாலும் மணிக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் குறையாமல் தர வேண்டும். வெளியே போய்க் கமிஷனுக்கு விற்பவருக்கு, ஊழியராக இருந்தாலுமே அந்தக் காப்பு கிடையாது. ஆகவே கடை வேலை வாடகைக்கு. அதே வாரத்திலிருந்து கணக்கெழுதும் (புக்கீப்பர்) வேலைக்கு விண்ணப்பம் போடுங்கள். அது டீயர் 2. விற்பனைதான் பிடிக்கும் என்றால் தொழில்நுட்ப விற்பனையும் கடை மேற்பார்வையும் டீயர் 2தான். பதவிப் பெயரை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவரிடம் போகாதீர்கள், செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்கள். 14இல் 12 போனால் தேடுவதற்கு இரண்டு மாதம்தான் கைவசம்.
இதுவரை வந்த கமிஷனுக்கு யாரும் வரி பிடித்திருக்க மாட்டார்கள். சி.பி.பி. என்ற கனடா ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளி பங்கும் உங்கள் தலையில்தான். கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

பழைய பனிக்காலம்:
மன்னித்துக்கொள் தங்கச்சி. இரவில் தனியாக என்று தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். என்னோடு நடந்த பெண்பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகத்தான் அனுப்பினார்கள்.

தாமிரபரணி:
ஞாயிறு இரவு. ஸ்கார்பரோ டவுன் சென்டரில் ஏழு கடைகளில் விண்ணப்பம் கொடுத்தேன். ஒரு கைபேசிக் கடையில் செவ்வாய் மாலை வரச் சொன்னார்கள். மணிக்குச் சம்பளம் உண்டா என்றுதான் முதலில் கேட்டேன். உண்டாம். மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை.

கணக்குப்பிள்ளை:
அனுப்புவதற்கு முன் அந்த மூன்று விற்பனையின் தேதி, கமிஷன் தாள், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்பிய ஐந்தாவது நிமிடம் நிறுவனத்தில் உள்ள உங்கள் கணினிக் கணக்கைப் பூட்டிவிடுவார்கள்.