இதய ஓட்டையை அடைக்கும் டிவைஸ் போட உள்ளே போய், போடாமலே திரும்பி வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பிள்ளையிடம் அதை எப்படிச் சொன்னீர்கள்?

வேலூர் அம்மா:
மகளுக்கு ஏ.எஸ்.டி., அதாவது இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை. பள்ளிக்கு வந்த ஆர்.பி.எஸ்.கே. (பிள்ளைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) டாக்டர் ஸ்டெத் வைத்துப் பார்த்துத்தான் சந்தேகப்பட்டார். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்த இடத்தில், தொடை வழியாகவே டிவைஸ் போட்டுவிடலாம் என்றார்கள். கேத் லேபில் (ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் அறை) மயக்கம் கொடுத்து, தொண்டை வழியாக எக்கோ பார்த்தபோது ஓட்டையின் கீழ் ஓரத்தில் சதையே இல்லையாம். வைத்துப் பார்த்தும் நிற்கவில்லை, எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் தொடையில் இருந்த பிளாஸ்டரைத் தடவிவிட்டு, "சரியாயிடுச்சாம்மா?" என்றாள். "காலை மடக்காதே" என்று மட்டும் சொன்னேன். பிறகு நெஞ்சைத் திறந்து, அவளுடைய இதய உறையிலிருந்தே ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போட்டார்கள். இப்போது நன்றாக ஓடுகிறாள். அந்தக் கேள்விதான் இன்னும் குடைகிறது.

கடலூர்க்காரன்:
முதல் எக்கோவிலேயே இது தெரியாதா? எல்லாம் காசுக்காகத்தான். இந்தக் காலத்தில் எந்த ஓட்டையையும் டிவைஸில் அடைக்கலாம். தம்பி பையனுக்கு பி.டி.ஏ. அடைத்த மறுநாளே வார்டு முழுக்க ஓடினான், பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நீங்கள் வேறு ஆஸ்பத்திரி பார்த்திருக்க வேண்டும்.

கேத் லேப் சிஸ்டர்:
கடலூர் சார், பி.டி.ஏ. என்பது இரண்டு ரத்தக்குழாய்களுக்கு நடுவே இருக்கும் சின்னக் குழாய். ஏ.எஸ்.டி. சுவரில் இருக்கும் ஓட்டை. டிவைஸின் இரண்டு தட்டும் இருபக்கமும் சுவரைக் கவ்வினால்தான் நிற்கும், கீழே சுவரே இல்லாவிட்டால் எதைக் கவ்வும்? வளர்ந்த பிள்ளைக்கு நெஞ்சு மேல் வைக்கும் எக்கோவில் அந்த ஓரம் பல நேரம் சரியாகத் தெரியாது. கம்பியிலிருந்து கழற்றுகிறவரை டிவைஸைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளலாம், கழற்றிய பிறகு நழுவினால்தான் வம்பு. ஒருமுறை நழுவி நுரையீரல் ரத்தக்குழாயில் போய் உட்கார்ந்துவிட்டது. திரையில் அது ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடிக்கொண்டிருந்தது. சுருக்குக் கம்பியை விட்டுப் பிடித்து எடுக்கும்வரை அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. வேலூர் அம்மாவின் மகளுக்குச் செய்ததுதான் சரி.

திருச்சி தாத்தா:
பேரனுக்கு டி.ஓ.எஃப்., பிறவியிலேயே இதயத்தில் நாலு கோளாறு சேர்ந்து வருவது. நாலு அடி நடந்தால் குத்துக்காலிட்டு உட்காருவான், விளையாடுகிறான் என்றே நினைத்தோம். ஒருநாள் அழுதழுது உதடு நாவல்பழ நிறமாகிவிட்டது. சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி முழங்காலை மடக்கி நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் போனோம். ஆபரேஷன் ஆகிவிட்டது, நலம்.
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நெஞ்சு எலும்பு கூட ஆறு வாரமாவது ஆகும். அதுவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், முதுகுக்கும் பிட்டத்துக்கும் கைகொடுத்துத் தூக்குங்கள். புத்தகப்பை கூடவே கூடாது. சொத்தைப் பல்லை ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பிறகு பல் பிடுங்குவதென்றால் இதய டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் இன்றைக்கே எழுதிப் போடுங்கள். பழைய எக்கோ சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். தடுப்பூசி அட்டையும் கையில் இருக்கட்டும்.

வேலூர் அம்மா:
தாத்தா, ஆபரேஷன் ஆகி வருஷக்கணக்காகிறது, இப்போது என் பையையும் அவள்தான் தூக்குகிறாள். போடாமல் திரும்பியதைப் பிள்ளையிடம் எப்படிச் சொன்னீர்கள் என்பதைத்தான் கேட்டேன்.

மதுரை அப்பா:
எங்களுக்கும் இதேதான். "இன்னொரு தடவை வரணும்டா" என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பசித்ததும் சிஸ்டரைக் கூப்பிட்டு இட்லி கேட்டான், "அப்பாகிட்ட குடுக்காதீங்க" என்றும் சொல்லிவிட்டான்.