ஓபன் டயலாகுக்கு அப்புறம் இடம் மாறிய செட்டிங்ஸ் ஃபைல்

விண்டோஸுக்கு ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதியிருந்தேன். ஆரம்பிக்கும்போது செட்டிங்ஸ் ஃபைலைப் படிக்கும், மூடும்போது அதிலேயே எழுதும். கோடில் ஃபைல் பெயர் மட்டும்தான், முழுப் பாத் (எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முழு முகவரி) கிடையாது. என் கணினியில் ஒரு சிக்கலும் இல்லை. பயன்படுத்தியவர் ஒருவர், “செட்டிங்ஸ் சில நாள் நிற்கிறது, சில நாள் பழையதுக்கே போய்விடுகிறது” என்றார். அந்தச் ‘சில நாள்’தான் என் உயிரை வாங்கியது.

கடைசியில் அவருடைய படங்கள் இருந்த ஃபோல்டரில், இரண்டு படங்களுக்கு நடுவே என் செட்டிங்ஸ் ஃபைல் உட்கார்ந்திருந்தது! அவர் ஓபன் டயலாகில் (ஃபைலைத் தேர்ந்தெடுக்கத் திறக்கும் பெட்டி) ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்த கையோடு, ப்ரோக்ராமின் கரன்ட் டைரக்டரியும், அதாவது வெறும் பெயர் கொடுத்தால் அது ஃபைலைத் தேடுகிற ஃபோல்டரும், அங்கே போய்விட்டிருக்கிறது. படம் திறக்காத நாளில் சரியான இடத்தில் எழுதும், திறந்த நாளில் அங்கே எழுதும். நான் சோதித்த படங்கள் ப்ரோக்ராமோடு ஒரே ஃபோல்டரில் கிடந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. டைரக்டரியை மாற்றாதே என்று சொல்ல கோடில் ஒரு ஃப்ளாக் (டயலாகுக்குக் கொடுக்கும் குறிப்பு) உண்டு. ஆனால் பழைய ஓபன் டயலாகில் அது வேலை செய்யாது என்று ஆவணத்திலேயே போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு வைத்தார்களோ!

⁂

எனக்கும் இந்தத் தொல்லை உண்டு, ஆனால் மேக்கில் வேறு மாதிரி. டெர்மினலில் ஓட்டினால் எல்லாம் ஒழுங்காக வரும். ஃபைண்டரில் டபுள் கிளிக் செய்தால் ஒரு ஃபைலும் கிடைக்காது. கரன்ட் டைரக்டரியை அச்சிட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு ஸ்லாஷ். டிஸ்கின் உச்சியில் போய் நின்றுகொண்டு என் ஃபைலைத் தேடியிருக்கிறது, பாவம்.

⁂

டயலாகுக்குள் டைப் செய்வது தனிக் கதை. விண்டோஸில் ஃபைல் பெயர்க் கட்டத்தில் இரண்டு புள்ளி வைத்து என்டர் தட்டினால் ஒரு ஃபோல்டர் மேலே போகும். மேக்கில் ஸ்லாஷ் அடித்தாலே பாத் கேட்டு ஒரு பெட்டி திறக்கும். லினக்ஸில் ஜிடிகே (ஜன்னல், பட்டன் எல்லாம் வரையும் லைப்ரரி) டயலாக் என்றால், பாத் அடிக்க கண்ட்ரோல் எல். அங்கே வெறும் பெயரை அடித்தால், டயலாகில் அப்போது தெரிகிற ஃபோல்டரில்தான் தேடும். ப்ரோக்ராம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்காது. இரண்டும் ஒன்று என்று நினைத்து நான் ஒரு மாலையைத் தொலைத்தேன்.

⁂

முதலில் எழுதியவருக்கு: விண்டோஸ் ஷார்ட்கட்டில் ‘ஸ்டார்ட் இன்’ கட்டத்தையும் பாருங்கள். அதில் வேறு ஃபோல்டர் இருந்தால் டயலாக் திறக்கும் முன்பே இடம் மாறியிருக்கும். சரி, எப்படித்தான் தீர்த்தீர்கள்?

⁂

ஷார்ட்கட் இல்லை, நேராக டபுள் கிளிக்தான். இப்போது ஆரம்பித்ததும் ப்ரோக்ராம் இருக்கும் இடத்தைக் கேட்டு முழுப் பாத்தைக் கட்டி வைத்துக்கொள்கிறேன். அப்புறம் டயலாக் எங்கே போனாலும் கவலை இல்லை. அவருடைய கணினியில் தேடினதில் மூன்று ஃபோல்டர்களில் மூன்று செட்டிங்ஸ் ஃபைல்கள் கிடைத்தன. தேதி பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்தோம்.