வேதியியல் படித்துவிட்டு தடய அறிவியலுக்குள் போவது எப்படி?

வணக்கம். ஊர் மதுரை. 2023-இல் எம்.எஸ்சி வேதியியல் முடித்தேன். இப்போது மருந்து நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாடு. ஜிசி-எம்எஸ், எச்பிஎல்சி என்ற பகுப்பாய்வுக் கருவிகளில்தான் தினசரி வேலை. ஆனால் மனம் முழுக்க தடய ஆய்வகத்தில் விஷங்களை ஆராயும் நச்சியல் பிரிவில்தான். உள்ளுறுப்பு மாதிரியில் இருந்து பூச்சிமருந்தைப் பிரித்து, டிஎல்சி (கலவையின் பொருட்களைப் பிரித்துக் காட்டும் மென்படல முறை) தகட்டில் அதன் புள்ளி எழும்புகிறதா என்று பார்க்கும் வேலை. ஒரு மரணத்துக்குப் பதில் அங்கேதான் கிடைக்கிறது.

டிஎன்பிஎஸ்சி இளநிலை அறிவியல் அலுவலர் அறிவிப்புக்குக் காத்துக்கொண்டே இருக்கிறேன். ஓர் அரசு ஆய்வகத்தில் பயிற்சி கேட்டேன். கல்லூரி மாணவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். தனியாரில் முன் அனுபவம் கேட்கிறார்கள். காந்திநகர் தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இன்னொரு எம்.எஸ்சி படிக்கலாம்தான், ஆனால் வீட்டுக் கடன் இருக்கிறது, வேலையை விட முடியாது.

வேதியியல் பட்டத்தோடு, ஃபேக்ட் (தடய அறிவியல் திறனறித்) தேர்வு மட்டும் எழுதி நச்சியல் பிரிவில் வேலைக்குச் சேர முடியுமா?